அண்ணிக்கு இடமில்லாத மைதானம்

ஜூன் 11

பாப்பாவுக்கு,

போனில் பேசினால் நான் கத்துவேன். கத்தினால் நீ அழுவாய். நீ அழுதால் நான் சமாதானம் சொல்லிவிடுவேன். எனக்குச் சமாதானம் சொல்ல இஷ்டமில்லை, அதனால்தான் எழுதுகிறேன். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. கோப்பையைக் கோட்டை விட்டவள் எப்படி இருப்பாள் என்று எனக்குத் தெரியும். நானும் அதே ஜோடியில்தானே இருந்தேன்.

ஐம்பதைத் தொடப் போகிறாய், ஊருக்கெல்லாம் பல் பிடுங்குகிறாய், உன்னை இன்னும் பாப்பா என்கிறேனே என்று சலித்துக்கொள்ளாதே. நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த அன்று கதவுக்குப் பின்னால் இரட்டைப் பின்னலோடு நின்று என்னை முறைத்தாயே, எனக்கு நீ இன்னும் அவள்தான்.

நடந்ததைச் சொல்கிறேன், தப்பிருந்தால் சொல். கடைசிக் குழி. அதுவரைக்கும் நாமும் வக்கீலம்மா ஜோடியும் சமம். ஒரே பந்தை இரண்டு பேர் மாறி மாறி அடிக்கிற கோல்ஃப் ஆட்டம். நீ ஓங்கி அடித்து மரத்தடிச் சருகுக்குள் கொண்டுபோய் விட்டாய். நீ விட்ட இடத்திலிருந்துதான் நான் அடிக்க வேண்டும். அதற்கு ஒரு வார்த்தை சொன்னேனா? குனிந்தேன். மட்டையைப் பந்துக்குப் பின்னால் வைத்தேன். உடனே நீ, "அசைஞ்சிடுச்சு! பந்து அசைஞ்சிடுச்சு!" என்று கையைத் தூக்கினாய். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஒரு அடி தண்டம். அந்த ஒரு அடியில் தோற்றோம்.

பந்து அசையவில்லை என்று நான் சொல்லவில்லை. சருகில் மட்டை பட்டது, பந்து ஒரு பயறு அளவு உருண்டது. நானும் பார்த்தேன். யார் கையால் அசைந்ததோ அவர்களே வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அதுதான் இந்த ஆட்டத்துக்கு மரியாதை. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே உன் அண்ணன்தான். நான் நிமிர்ந்து வாயைத் திறப்பதற்குள் உனக்கு என்ன அவசரம்? மறைக்கப் பார்த்தவளைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. வக்கீலம்மா என் தோளைத் தட்டி, "பரவாயில்லைங்க, யாருக்கும் நடக்கிறதுதான்" என்றாள். அவள் தட்டின இடம் இன்னும் எரிகிறது.

தோற்றதோடு போயிற்றா? கிளப் உன் பேரில். புருஷன் பிள்ளை இல்லாததால் குடும்பத்துக்கென்று இருக்கிற இடத்தில் உன் அண்ணனைச் சேர்த்தாய். அவர் பெண்டாட்டி என்று நானும் பின்னாலேயே நுழைந்தேன். அவர் போய்விட்டார். வருஷச் சந்தா முடிகிற இந்த மாதக் கடைசியோடு என் இடமும் போகிறது. கோப்பையை ஜெயிக்கிற ஜோடிக்குக் கிளப் ஒரு வருஷ இடம் தரும். ஜெயித்திருந்தால் யார் தயவும் இல்லாமல் தலை நிமிர்ந்து உள்ளே வந்திருப்பேன். உன் வாயாலேயே என்னை வெளியே தள்ளிவிட்டாய்.

இப்படிக்கு
உன் அண்ணி

(அண்ணன் போன பிறகு இந்த வார்த்தை செல்லுமா என்று உன் கிளப்பில் கேட்டுச் சொல்.)


ஜூன் 19

அண்ணி,

உங்கள் கடிதம் வந்தபோது வெளியே பல்வலிக்காரர்கள் வரிசையாகக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நின்றபடியே பிரித்துப் படித்தேன். அப்புறம் ஒரு பெரியவருக்கு மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு எந்தப் பல் என்று மறந்து நின்றேன். பாவம், அவரே வாயைத் திறந்தபடி விரலால் தொட்டுக் காட்டினார். எல்லாம் உங்களால்.

நான் ஏன் கத்தினேன் என்று கேட்கிறீர்கள். யோசித்துச் செய்ததா அது? வாயில் வந்துவிட்டது. ஆனால் ஒன்று. நீங்கள் மட்டையைப் பின்னால் தூக்க ஆரம்பித்துவிட்டீர்கள் அண்ணி. தூக்கினீர்களா இல்லையா? அடித்து முடித்துவிட்டு, அப்புறம் அசைந்தது என்று சொன்னால் வக்கீலம்மா சும்மா இருப்பாளா? "புருஷனும் இல்ல, எப்படியாவது கிளப்புல ஒட்டிக்கணும்னு பாக்குது" என்று தேநீர் அறை முழுக்கப் பேசியிருப்பாள். உங்களைப் பற்றி அப்படி ஒரு பேச்சு என் காதில் விழுந்தால் அவள் பல்லை மரக்க வைக்காமலே பிடுங்குவேன். அதுக்குத்தான் முந்திக்கொண்டேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

சரி, நீங்கள் நிமிர்வதற்கு நேரம் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அதற்காக வாழ்நாள் முழுக்கப் போனை எடுக்காமல் இருப்பீர்களா?

ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய் ஆடினேன். ஏழாம் குழியில் அண்ணன் பேர் வைத்த மாமியார் மரம் நடுவழியில் அப்படியே நிற்கிறது. இடது பக்கம் போனாலும் குறுக்கே வரும், வலது பக்கம் போனாலும் குறுக்கே வரும் என்பாரே. மேலே தூக்கி அடித்தேன். கிளையில் பட்டு என் காலடிக்கே திரும்பி வந்துவிட்டது. மருமகளைத்தான் பிடிக்காது என்றால் பெற்ற மகளையுமா?

ஆட்டமே ஓடவில்லை. நான் அடித்த பந்தை நானே போய் மறுபடி அடிப்பது என்ன ஆட்டம்? குறை சொல்ல ஆள் வேண்டாமா?

ஒரு வழி இருக்கிறது. மெம்பர்கள் மாதம் ஒரு தடவை விருந்தாளியை அழைத்து வரலாம். என் விருந்தாளியாக வாருங்கள். அதே ஓடை, அதே மரம், அதே நான். வருவீர்கள்தானே?

பாப்பா


ஜூலை 2

பாப்பாவுக்கு,

விருந்தாளியா? நன்றாக இருக்கிறது.

விருந்தாளியின் மட்டைப் பையில் மஞ்சள் பட்டை கட்டுவார்கள். கூட்டமாக இருந்தால், "மெம்பருங்க முன்னாடி போகட்டும், நீங்க கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க" என்பார்கள். அந்தப் பட்டை கட்டினவர்கள் தேநீர் அறையில் எந்த நாற்காலியில் உட்காருவது என்று தெரியாமல் சுவரோரம் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். நானே பலரைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறேன். எந்தக் குழிக்குப் போகிற வழியில் எந்த வேர் மண்ணுக்கு மேலே தலை நீட்டும் என்று தெரிந்தவள் நான். நான் அங்கே போய் ஒதுங்கி நிற்கவா? வேண்டாம் தாயே.

என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. என் மூக்குக்கண்ணாடிக் கடையில் சட்டத்துக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டே இருப்பேன், பாதியில் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். எதற்கு வந்தேன் என்று தெரியாமல் திரும்புவேன். மேல் தட்டிலிருந்து பெட்டி இறக்க ஒரு கொக்கிக் கோல் இருக்கிறது இல்லையா, அதைக் கையில் எடுத்தால் போதும், விரல்கள் தானாக மட்டைப் பிடி பிடிக்கின்றன. நேற்று கண்ணாடி பார்க்க வந்த ஒரு அம்மாள், நான் கோலைத் தரையோரமாக வீசுவதைப் பார்த்துவிட்டு, "என்னங்க, எலியா?" என்று இரண்டு காலையும் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். கோல்ஃப் என்றால் அதற்கும் விளக்கம் சொல்ல வேண்டும்.

பெட்ரோல் பங்குக்குப் பின்னால் வலை கட்டி ஒரு பயிற்சி இடம் திறந்திருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன். அடிக்கிறோம், பந்து எங்கே போகிறது என்று தெரிவதற்குள் வலை பிடித்துக்கொள்கிறது. பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் கையால் வாயைப் பொத்தின மாதிரி இருந்தது. வந்துவிட்டேன்.

அதனால் இப்போதெல்லாம் மனசுக்குள்ளேயே ஆடுகிறேன். கண்ணாடி தேய்க்கிற இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும், நான் முதல் குழியில் நிற்பேன். இரண்டு பக்கமும் மரச் சுவர், நடுவில் ஒற்றையடிப் பாதை மாதிரி புல். மூன்றாம் குழியில் ஓடை இரண்டு தடவை குறுக்கே வரும். முதல் தடவை தாண்டின சந்தோஷத்தில்தான் எல்லாரும் இரண்டாவது தடவை பந்தைத் தண்ணீரில் விடுவார்கள். பதினான்காம் குழி வரைக்கும் நன்றாகத்தான் ஆடுவேன். அங்கே போனதும் முடியாது. குழியைச் சுற்றி வழவழவென்று புல் வெட்டின அந்தக் கிரீன் கவிழ்த்து வைத்த வாணலி மாதிரி இல்லையா, எந்தப் பக்கம் விட்டாலும் பந்து வழுக்கிக் கீழே வந்துவிடுகிறது. மனசுக்குள் ஆடும்போதுகூட நிற்க மாட்டேன் என்கிறது.

அங்கே உன் அண்ணன் எனக்கு முன்னால் நடக்கிறார். பந்தைத் தேடி மரங்களுக்குள் குனிந்து குனிந்து போகிறார். "எங்கடா ஒளிஞ்சிருக்க, வந்துடு, அடிக்க மாட்டேன்" என்று பந்தோடு பேசுகிறார். நான் கூப்பிட்டால் திரும்புவதில்லை. உயிரோடு இருக்கும்போது மட்டும் திரும்பினாரா? வீட்டில் அவர் சுவரில் படமாக இருக்கிறார், பாப்பா. அங்கேதான் நடந்துகொண்டிருக்கிறார்.

அவர் நடக்கிற இடத்துக்கு மஞ்சள் பட்டை கட்டிக்கொண்டு எப்படி வருவேன்?

அண்ணி


ஜூலை 20

அண்ணி! அண்ணி!

முதலில் உறையைக் குலுக்குங்கள். உள்ளேயிருந்து ஒரு அட்டை விழும். பார்த்தீர்களா? உங்கள் போட்டோ, உங்கள் பேர், கிளப் முத்திரை. மஞ்சள் பட்டை இல்லை, ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை, வருஷா வருஷம் தானாகப் புதுப்பிக்கப்படும். இனிமேல் போனை எடுப்பீர்களா?

எப்படிக் கிடைத்தது என்று கேட்பீர்கள். பழைய செயலாளர் ஓய்வு பெற்றுவிட்டார். புதுசாக வந்தவருக்கு நம்மை யாரையும் தெரியாது. போன வாரம் அவர் அறைக்குப் போய், குடும்ப இடம் காலியாக இருக்கிறது, என் கூடப்பிறந்த அக்காவைச் சேர்க்க வேண்டும் என்றேன். கூடப்பிறந்தவர்களுக்கு இடம் உண்டு, அண்ணன் பெண்டாட்டிக்குத்தான் இல்லை, தெரியும்தானே. அவர் உங்கள் போட்டோவை வாங்கி என்னையும் அதையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். எனக்கு வியர்த்துவிட்டது. "மூக்கு அப்படியே இருக்கே டாக்டர்" என்றார்!

வக்கீலம்மா அப்போது அங்கேதான் இருந்தாள். ஒரு தடவை இருமினாள். அவ்வளவுதான். எல்லாருக்கும் தெரியும் அண்ணி, ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். எல்லாருக்கும் உங்களைப் பிடிக்கும். உங்களுக்குத்தான் அது தெரியாது.

ஆகஸ்ட் முதல் ஞாயிறு இந்த வருஷத்தின் அடுத்த ஜோடி ஆட்டம். நம் இருவர் பேரையும் கொடுத்துவிட்டேன். கொக்கிக் கோலைக் கீழே வைத்துவிட்டு மட்டைகளைத் துடையுங்கள். முந்தின நாளே வந்துவிடுங்கள். கட்டிலை ஜன்னலோரம் மாற்றிப் போட்டிருக்கிறேன்.

உங்கள் அருமைத் தங்கை (சும்மா!)
பாப்பா


ஜூலை 27

பாப்பாவுக்கு,

அட்டை கையில் விழுந்ததும் என்னை அறியாமல் முத்திரையைத் தடவிப் பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. அலமாரியிலிருந்து பையை இறக்கினேன். மட்டைகளைத் துடைத்தேன். துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது.

உனக்கு நான் கூடப்பிறந்த அக்கா என்றால் உன் அண்ணனுக்கு நான் என்ன முறை? யோசித்தாயா? அக்காவா, தங்கச்சியா? கருமம், கருமம். அந்த மனுஷனோடு இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணிவிட்டு, ஒரு அட்டைக்காக அவருக்குத் தங்கச்சியாகப் போகவா?

நீ சிரிப்பாய். "பேப்பர்ல ஒரு வார்த்தை, அதுல என்ன இருக்கு அண்ணி" என்பாய். உனக்கு ஒரு வார்த்தைதான். நான் அந்த வாசலைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும் அவருக்குப் பெண்டாட்டி இல்லை என்று சொல்லிவிட்டுத் தாண்ட வேண்டும். பந்து பயறளவு அசைந்ததைப் பொறுக்காதவள் இவ்வளவு பெரிய பொய்யை எப்படி முழுங்கினாய்?

அட்டையைச் செயலாளருக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். கூடவே எழுதியும் விட்டேன். நான் டாக்டரின் அக்கா இல்லை, அவர் அண்ணனின் மனைவி, என் மேல் உள்ள பிரியத்தில் டாக்டர் அப்படிச் சொல்லிவிட்டார், மன்னிக்கவும் என்று. உன்னிடம் முதலில் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ அழுதிருப்பாய், நான் அட்டையை வைத்துக்கொண்டிருப்பேன்.

உன் மூக்கு மாதிரி என் மூக்கு இல்லை என்றும் அவரிடம் சொல். உன்னுடையது உங்கள் அப்பாவின் மூக்கு.

அண்ணி


ஆகஸ்ட் 9

அண்ணி,

சந்தோஷமா?

உங்கள் கடிதம் எனக்கு வருவதற்கு முன்னாலேயே செயலாளருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கமிட்டி கூப்பிட்டது. நீள மேஜை, அந்தப் பக்கம் வரிசையாக அவர்கள், இந்தப் பக்கம் நான் ஒருத்தி. வாயைத் திறந்து படுத்திருக்கிறவர்களுக்கு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். தலைவர் பெரியவர் நல்ல மாதிரிதான், என்னிடமே பல் கட்டிக்கொண்டவர். நான் கட்டின பல்லாலேயே என்னைக் கேள்வி கேட்டார்.

"ஏன் டாக்டர் பொய் சொன்னீங்க?"

"நிஜத்துக்கு உங்க சட்டத்துல இடம் இல்ல, அதான்."

"குடும்பம்னா புருஷன், பெண்டாட்டி, பிள்ளைங்க, கூடப்பிறந்தவங்க. அண்ணன் சம்சாரம்னா அண்ணன் இருக்கிற வரைக்கும்தானே?"

"அப்படியா? போன மழைக்கு நான் காய்ச்சல்ல விழுந்தப்போ கடையைப் பூட்டிட்டு ஓடி வந்து, நான் எழுந்து நடக்கிற வரைக்கும் என் பக்கத்துல உட்கார்ந்திருந்தது யாரு? அப்போ எங்க அண்ணன் இருந்தாரா? அவங்க என்ன முறைன்னு அன்னைக்கு வந்தாங்க? அதைச் சொல்லுங்க, அதையே எழுதித் தரேன்."

மேஜையில் ஒருவர் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். சர்க்கரை போடாத தேநீர்.

இந்தப் பருவம் முடியும்வரை போட்டிகளில் ஆடக் கூடாது, மற்ற நாளில் ஆடலாம் என்று சொன்னார்கள். சின்னத் தண்டனைதான். சரி என்று வந்திருக்க வேண்டும். எனக்குத் தாங்கவில்லை. என் அட்டையையும் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு, "எங்க அண்ணிக்கு இடமில்லாத மைதானத்துல எனக்கு மட்டும் என்ன வேலை?" என்று எழுந்து வந்துவிட்டேன். ராஜினாமா எழுதியும் கொடுத்துவிட்டேன். செயலாளர் கார் வரைக்கும் பின்னாலேயே வந்தார். "இதை நான் மாசக் கடைசி வரைக்கும் இழுப்பறையிலதான் வெச்சிருப்பேன் டாக்டர். கமிட்டிக்குக் கொடுத்துட்டா அப்புறம் திரும்ப வாங்க முடியாது. உங்களுக்கு அடுத்து காத்திருக்கிறவங்க எத்தனை பேர்னு தெரியுமா?" என்றார். கார் கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

இப்போது நானும் வெளியேதான். நம் இருவருக்கும் கணக்குச் சரியாகிவிட்டது.

வீரமாகத்தான் வந்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளை என்ன செய்வது என்று தெரியவில்லை. காலையில் எழுந்து எல்லா ஜன்னலையும் துடைத்தேன். அலமாரியைக் கவிழ்த்து அடுக்கினேன். மறுபடி கவிழ்த்தேன். காரை எடுத்துக்கொண்டு காய்கறி வாங்கக் கிளம்பினேன், போய் நின்றது கிளப் வேலியோரம். பதினான்காம் குழி தெரிந்தது. யாரோ ஒருவர் வாணலி மேல் பந்தை ஏற்றப் பார்த்துக்கொண்டிருந்தார். உருண்டு கீழே வந்தது. மறுபடி அடித்தார், மறுபடி வந்தது. இறங்கிப் போய்ச் சொல்லிக் கொடுக்கலாம் போல இருந்தது. காய்கறி வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அண்ணன் இருந்திருந்தால் நம் இருவரில் யாரைத் திட்டியிருப்பார்? யாரையும் இல்லை. "நீங்க பேசி முடிங்க" என்று சொல்லிவிட்டுப் பந்து தேடப் போயிருப்பார்.

உங்கள் மேல் கோபமாக இருக்கிறேன். எழுதாதீர்கள்.

பாப்பா


ஆகஸ்ட் 14

ஏ பைத்தியமே,

எழுதாதே என்றால் எழுதாமல் இருப்பேன் என்று நினைத்தாயா? கடையைப் பாதியில் சாத்திவிட்டு எழுதுகிறேன். வெளியே ஒருவர் கண்ணாடி இல்லாமல் தடவிக்கொண்டு நிற்கிறார். நிற்கட்டும்.

முதலில் போய் அந்த ராஜினாமாவை வாங்கிக் கிழித்துப் போடு. இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் போ. இல்லை, படிக்கும்போதே செருப்பைப் போட்டுக்கொள். மாதக் கடைசி வரைக்கும் என்று அந்த மனுஷர் சொன்னாரே, அவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். உன்னைவிட அவருக்குப் புத்தி இருக்கிறது.

கமிட்டியில் நீ கேட்டதைப் பல தடவை படித்தேன். என்ன முறைன்னு வந்தாங்க என்று கேட்டாயே. எனக்கும் பதில் தெரியவில்லை பாப்பா. காய்ச்சல் என்று கேள்விப்பட்டதும் பஸ் ஏறினேன். முறை பார்த்துவிட்டா ஏறினேன்? ஜூன் மாதத்திலிருந்து நான் உன்னைக் கேட்டுக்கொண்டிருந்ததற்கு நீ யார் யார் முன்னாலேயோ பதில் சொல்லியிருக்கிறாய். என்னிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் நான்தான் போனை எடுக்கவில்லை.

அவர்கள் முன்னால் கத்தினாய், சரி. அட்டையை ஏன் வைத்தாய்? நீயும் வெளியே வந்துவிட்டால் நம் வீட்டு ஆள் என்று அந்த மைதானத்தில் யார் மிச்சம்? நான் வர முடியாத இடத்தில் நீயாவது ஆடுகிறாய் என்றுதான் இத்தனை நாள் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். கோபப்படுவதற்காவது நீ உள்ளே இருக்க வேண்டாமா? நீ வேலிக்கு வெளியே காரில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தாய் என்று படித்தபோது, யாரோ ஒருவருடைய கண்ணாடிச் சட்டத்தைக் கையிலேயே உடைத்துவிட்டேன்.

மஞ்சள் பட்டைக்கு நான் சொன்னதெல்லாம் திமிர். வைத்துக்கொள், நான் திமிர் பிடித்தவள்தான், உன் அம்மா சொல்லாததா? பெண்டாட்டி என்றால் அவர் இருக்கிறவரை, அக்கா என்றால் பொய். மிச்சம் இருப்பது விருந்தாளி ஒன்றுதான். அந்தச் சொல்லைப் போட்டு இத்தனை நாள் மிதித்தேன். ஆளே இல்லாத வீட்டுக்கு யாரும் விருந்தாளியாகப் போக முடியாது என்பது எனக்கு உறைக்கவே இல்லை, நீ அட்டையை மேஜை மேல் வைக்கிறவரை.

இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு, காலை வண்டியில் வருகிறேன். கோப்பை வேண்டாம், போட்டி வேண்டாம். மாறி மாறி அடிப்போம், ஒரே பந்து. என் பையில் எந்த நிறத்தில் வேண்டுமானாலும் பட்டை கட்டட்டும். மெம்பர்கள் முன்னால் போகட்டும், நான் ஒதுங்கி நிற்கிறேன். நீயும் என்னோடு ஒதுங்கி நிற்பாய், அதுதான் உனக்குத் தண்டனை.

ஸ்டேஷனுக்கு வராதே. நானே நேராகக் கிளப்புக்கு வந்துவிடுவேன். வாசலில் காவலாளி நோட்டைப் பிரித்து, யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்பார். உன் பேரைச் சொல்வேன்.

அப்போது நீ உள்ளே இருக்க வேண்டும்.

உன் அண்ணி